அது நான் வைத்ததுதான்

நேற்று நாற்காலியிலிருந்து எழும்போது நீங்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டதைக் கவனித்தேன். இடது முழங்கால். பயப்பட ஒன்றுமில்லை; தொடைத் தசை சோர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, காலை நீட்டி அதை அழுத்துங்கள். காலையில் இருபது முறை, மாலையில் இருபது முறை. முதல் வாரம் வலிக்கும். வலிக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. எலும்பு முறிந்து, கட்டுப் பிரித்து, கைகால் மடங்காமல் வருகிறவர்களை மடக்க வைக்கிற பிசியோதெரபிஸ்ட் நான். வலிக்கிறது என்று அவர்கள் சொல்லும் இடத்தில் நான் நிறுத்துவதில்லை. பத்துக்கு எத்தனை வலி என்று கேட்பேன். ஏழு என்றால் இன்னும் கொஞ்சம் அழுத்துவேன். ஒன்பது என்றால் அங்கேயே பிடித்துக்கொண்டு பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பேன். மறுநாள் அதே இடம் ஏழாகியிருக்கும். என்னைத் திட்டாத நோயாளிகள் குறைவு. கடைசி நாளில் நன்றி சொல்லாமல் போனவர்களும் குறைவு.

என் மனைவி எப்படி இறந்தாள் என்பதை வாக்குமூலமாகக் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். அவளைக் கடித்த பாம்பை நான் பார்க்கவே இல்லை என்று முதல் நாள் சொல்லியிருந்தேன். அது சரியில்லை. முதலிலிருந்து முறையாக எழுதினால்தான் உங்களுக்குப் புரியும்.

அவள் கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவள். கடைக்குள் நுழைகிறவர் விளம்பர அட்டையைப் படிக்கும் விதத்தை வைத்தே எந்த நம்பர் கண்ணாடி என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவாள். அவளுக்கும் அப்படியொரு கண். நூறடி தள்ளி ஒரு காய்ந்த கொடி பாம்புபோல வளைந்து கிடந்தாலும் முதலில் தெரிவது அவளுக்குத்தான். தெரிந்ததும் நின்றுவிடுவாள். மேலுதடு வியர்த்து, என் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொள்வாள். அதுவரை அவளைப் பாம்பு கடித்ததும் இல்லை, துரத்தியதும் இல்லை. பள்ளிப் புத்தகத்தில் பாம்புப் படம் இருந்த பக்கத்தைக்கூட அண்ணனை விட்டு ஒட்டி மூடவைத்தவளாம்.

எனக்கோ ஞாயிற்றுக்கிழமை மலையேறாவிட்டால் அந்த வாரமே ஓடாது. நாங்கள் எல்லாம் செய்து பார்த்தோம். முழங்கால் வரை பூட்ஸ், கையில் தடி, நான் முன்னால் தரையைத் தட்டிக்கொண்டே போக, அவள் என் காலடியில் காலடி வைத்து வருவாள். இருநூறு அடி தாண்டமாட்டாள். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள்: நான் ஏறிவிட்டு வரட்டும், அவள் காரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பாள். அவள் அண்ணனான, பஸ் ஓட்டுகிற என் மைத்துனரும் அதையேதான் சொன்னார்.

“மாப்பிள்ளை, அவளுக்கு இது சின்ன வயசுலேர்ந்தே ஆகாது. நீங்க ஏறிட்டு வாங்க, அவ கீழ இருக்கட்டும். இதுல யாருக்கு என்ன குறைஞ்சு போச்சு?”

எனக்குக் குறைந்தது. உச்சியில் நின்று பார்க்கும்போது பக்கத்தில் அவள் இல்லையென்றால் ஏன் ஏறினோம் என்று இருக்கும். இதை அன்பு என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போதும் வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

சிகிச்சையை அவள் சம்மதத்தோடுதான் ஆரம்பித்தேன். முதலில் படங்கள். அப்புறம் வீடியோ. பிறகு ஒரு ரப்பர் பாம்பு, சோபாவின் அந்தக் கோடியில். பயம் பத்துக்கு எத்தனை என்பேன். ஒன்பது என்பாள். இரண்டு மாதத்தில் ஆறுக்கு வந்தது, அதற்குக் கீழே இறங்கவில்லை. காரணம் எனக்குத் தெரிந்தது: எப்போது வரும் என்று தெரிந்தே அவள் மனத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதனால் சொல்லாமல் வைக்கத் தொடங்கினேன். தலையணைக்கு அடியில். அவள் சாப்பாட்டுப் பையில். குளியலறைக் குழாயில் சுற்றி.

அதைப் பார்த்துக் குளியலறையில் வழுக்கி விழுந்து அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. அதற்கு நான்தான் காரணம் என்று மைத்துனர் உங்களிடம் எழுதிக் கொடுத்திருப்பார். மறுக்கவில்லை. ஆனால் அந்த மணிக்கட்டை நானேதான் சரிசெய்தேன், அதையும் அவர் எழுதியிருக்க வேண்டும். ஆறே வாரத்தில் முழுதாகத் திரும்பியது.

கட்டுப் போட்டிருந்த நாட்களில் அவள் சமையலறை மேடையில் சாய்ந்து நின்று, போதும் என்றாள். “போதுங்க. நான் இப்படியே இருந்துட்டுப் போறேன். என்னை விட்டுடுங்க.” எல்லா நோயாளிகளும் ஒரு கட்டத்தில் இதைச் சொல்வார்கள். அந்த நாளைத் தாண்டிவிட்டால் மற்றது தானாக நடக்கும் என்பது என் அனுபவம்.

அவளுக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு விதி சொன்னேன். இனிமேல் எந்தப் பாம்பைப் பார்த்தாலும், வீட்டிலோ வழியிலோ, அது நான் வைத்தது என்று எடுத்துக்கொள். நான் உனக்குக் கெடுதல் வைப்பேனா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மாட்டீங்க என்றாள்.

அந்த விதி மருந்துபோல வேலை செய்தது. வீடுகளுக்குள் புகுந்த பாம்புகளைப் பிடித்துக் காட்டில் விடுகிற ஒருவரைத் தேடிப் பிடித்தேன். விஷமில்லாத பாம்பை அவர் துணிப்பையில் கொண்டுவந்து தருவார். நான் முன்னால் ஏறிப் போய், பாதையோரம் விட்டுவிட்டு நிற்பேன். நான்காவது முறை அவள் அதன் முதுகைத் தொட்டாள். ஏழாவது முறை கையில் எடுத்தாள். வேடிக்கை பேசவும் ஆரம்பித்துவிட்டாள். “என் சக்களத்தி அங்க படுத்திருக்கா பாருங்க” என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, ஓடையில் கால் விட்டு உட்கார்ந்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த நான்கு மாதங்கள்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். இதை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அவள் அண்ணனைத் தவிர.

பாம்பு பிடிப்பவர் திடீரென்று இனிமேல் தரமாட்டேன் என்றார். “சார், எனக்கே இன்னும் பயம் இருக்கு. அதனாலதான் உசுரோட இருக்கேன். அம்மா நேத்து என் பைக்குள்ள பார்க்காமலே கையை விட்டாங்க. எனக்கு மனசு சரியில்ல.” என் தொழிலை அவருக்குப் புரிய வைக்க முடியாது என்பதால் நான் வாதாடவில்லை. வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவர் தருவதை நிறுத்திவிட்டார் என்று அவளிடம் சொல்லவும் இல்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வெயில் விழுகிற ஒரு தட்டைப் பாறை. அவள் முன்னால் போய் உட்கார்ந்து சாப்பாட்டுப் பையைத் திறந்துகொண்டிருந்தாள். நான் பன்னிரண்டு அடி பின்னால் வந்தேன். அவளுடைய வலது கைக்கு ஒரு முழம் தள்ளி, பாறை இடுக்கில் ஒரு விரியன் சுருண்டு கிடந்தது. கனத்த உடம்பு, முக்கோணத் தலை. இவ்வளவு பாம்புகளைக் கையாண்டவனுக்கு அது தெரியாமல் இருக்காது. அவளும் பார்த்தாள். பார்த்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

“இது புதுசா இருக்கே. எங்க பிடிச்சீங்க?”

எனக்கு நேரம் இருந்தது. இதைத்தான் நீங்கள் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லவும், நான்கு எட்டு வைத்து அவளைப் பின்னால் இழுக்கவும் தாராளமாக நேரம் இருந்தது. நான் பத்துக்கு எத்தனை என்று கேட்டேன்.

“சைபர்” என்றாள்.

சைபர் என்று எந்த நோயாளியும் என்னிடம் சொன்னதில்லை. அது நான் வைத்ததில்லை, கையை எடு என்று நான் சொல்லியிருந்தால் அந்த சைபர் ஒரே நொடியில் பத்தாகியிருக்கும். அதன் பிறகு நான் தலைகீழாக நின்றாலும் அவள் மலைப்பக்கம் வந்திருக்கமாட்டாள். என்னையும் நம்பியிருக்கமாட்டாள். நான் பேசாமல் நின்றேன். அவள் கையை நீட்டினாள்.

கட்டை விரலுக்குக் கீழே இரண்டு புள்ளிகள். பாம்பு இடுக்குக்குள் போய்விட்டது. அவள் கத்தவில்லை. கையை உதறிவிட்டு, முதல்முறையாகச் சந்தேகத்தோடு என் முகத்தைப் பார்த்தாள்.

“இது நீங்க வெச்சதுதானே?”

“நான் வெச்சதுதான். விஷம் இல்ல.”

பதற்றப்பட்டால் இதயம் வேகமாக அடிக்கும், விஷம் சீக்கிரம் பரவும். அதனால் அப்படிச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நடந்தால் இன்னும் வேகமாகப் பரவும் என்பதும் எனக்குத் தெரியும். நான் அவளை நடக்க வைத்துத்தான் கீழே கூட்டிவந்தேன். போனில் சிக்னல் இல்லை என்று உங்களிடம் சொன்னதும் சரியில்லை. பாறையிலேயே சிக்னல் இருந்தது. போன் செய்தால் நாலு பேர் ஓடிவருவார்கள், விரியன் என்று அவள் காதுபடக் கத்துவார்கள். அவள் சிரித்த முகத்தோடு ஒரு தரமாவது மலையிலிருந்து இறங்கட்டும் என்று நினைத்தேன். இறங்க ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆனது.

பாதி வழியில் கை முழங்கை வரை வீங்கிவிட்டது. விஷமில்லாதது கடித்தாலும் வீங்கும் என்றேன். சரி என்றாள். கடைசித் திருப்பத்தில் கார் தெரிந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, இரண்டு கார் நிற்கிறதா என்று கேட்டாள். ஒன்றுதான் நின்றது. அவளுடைய ஈறில் ரத்தம் கசிந்திருந்தது. உட்கார வேண்டும் என்றாள்; நான் மடியில் படுக்க வைத்துக்கொண்டேன்.

“என்னங்க, உடம்பெல்லாம் ஏதோ பண்ணுது. ஆனா பயமா இல்ல. நீங்க வெச்சதுதானே, ஒண்ணும் ஆகாது.”

அப்போதுதான் மைத்துனருக்குப் போன் செய்தேன். அவர் ஆம்புலன்ஸோடு வந்தபோது அவளுக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைகூட அவள் தாங்கவில்லை.

நான் பார்த்தேன், சொல்லவில்லை, கேட்டபோதும் பொய் சொன்னேன். இது என் கையெழுத்து. மைத்துனர் என்னைக் கொலைகாரன் என்கிறார். அவர் துக்கத்தில் இருப்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நினைவோடு இருந்த அவள் முகத்தைக் கடைசியாகப் பார்த்தவன் நான். அதில் பயத்தின் சுவடு துளியும் இல்லை. இத்தனை வருடத்தில் என்னிடம் வந்தவர்களில் முழுதாகக் குணமானவள் அவள் ஒருத்திதான்.