படகோட்டிக்கு ஒரு ஓட்டு

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்து கோட்டை மாட்டிக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. விளக்குப் பிடித்தவர், உடை தைத்தவர், சாப்பாடு கொண்டுவந்தவர் என்று ஒவ்வொருவர் பெயரும் வரும். உழைத்தவனின் பெயர் ஓடும்போது திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையுறை தேடுவது என்ன மரியாதை என்று எனக்குப் புரிவதில்லை. நான் கடைசி எழுத்து மறையும்வரை உட்கார்ந்திருப்பேன். என் நண்பன் டைஸ்தோவும் இருப்பான்.

நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்ததும் பெயர் விஷயமாகத்தான் மேடம். உங்கள் அறிக்கையை நேற்று படித்தேன். தணல் ஆறுவதற்குள் புகைபோக்கித் தகட்டை மூடிவிட்டதால் விஷவாயு பரவி டைஸ்தோ நூர்க்கலா இறந்தார், மூடியவரும் அவரே என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் அந்தத் தகட்டைத் தொட்டதே இல்லை. வலது தோள் கெட்ட பிறகு அவனால் கையைக் காதுக்கு மேல் தூக்கவும் முடியாது. முப்பத்தொரு வருடமாக அந்த சௌனாவின், எங்கள் நீராவிக் குளியலறையின், அடுப்பு என் பொறுப்பு. மூடியது நான். என் பெயர் இல்மோ கார்ப்பலா. வயது அறுபத்தாறு. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவன் செய்யாததை அவன் பெயரில் போடுவது சரியில்லை.

காரணம் கேட்பீர்கள். நிதானமாகச் சொல்கிறேன்.

காயானி ஊரில் எங்கள் திரைப்படச் சங்கத்துக்கு இருபத்து மூன்று உறுப்பினர்கள். குளிர்காலம் முழுக்க ஞாயிறு மதியம் ஒரு படம். படம் முடிந்ததும் ஏரிக்கரைச் சங்க சௌனாவில் உட்கார்ந்து வியர்க்க வியர்க்க அதைப் பற்றிச் சண்டை. வெளியே ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லவே கூச்சப்படுகிற மனிதர்கள்தாம். சௌனாவின் மேல் பலகையில் ஏறிவிட்டால் வாய் மூடாது. உங்களுக்கும் தெரிந்ததுதானே.

எனக்கும் டைஸ்தோவுக்கும் ஒரே ஒரு படம்தான் படம். ‘படகோட்டியின் ஞாயிறு’. கறுப்பு வெள்ளை. கடைசிக் காட்சியில் படகோட்டி வெறும் படகை அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போவான். பதினோரு நிமிடம். வேறெதுவும் நடக்காது. முகம் நனைந்திருக்கும். அழுகிறான் என்பேன் நான். மழை என்பான் டைஸ்தோ.

“தொப்பியப் பாருடா, சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. மழைதான்.”

“தொப்பி நனைஞ்சா அழக்கூடாதுன்னு சட்டமா?”

“பதினோரு நிமிஷம் எவன்டா விடாம அழுவான்? வெங்காயம் உரிக்கிறவனே அவ்வளவு நேரம் அழமாட்டான்.”

பல் டாக்டர் ஆர்வோ நடுவில் உட்கார்ந்துகொண்டு தலையில் அடித்துக்கொள்வார். “உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வெச்சிருந்தா இந்நேரம் விவாகரத்து ஆகி நாங்க நிம்மதியா இருந்திருப்போம்,” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். யாரோ ஆவி எழும்ப அடுப்பின் சூட்டுக் கல்லில் தண்ணீர் ஊற்றுவார்கள். மறு ஞாயிறும் அதே சண்டை. எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அந்தச் சண்டை இருந்தது.

எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. மார்ச் கடைசி ஞாயிறு, பட்டியலில் உள்ள படங்களுக்கு ஓட்டெடுப்பு. ஜெயிக்கிற படத்தை வருடக் கடைசியில் போடுவோம். ஆளுக்கு ஒரு சீட்டு, அதில் ஒரு படத்தின் பெயர், பழைய பிலிம் டப்பாவில் போட வேண்டும். இரண்டு ஓட்டாவது வாங்கிய படம் அடுத்த வருடமும் பட்டியலில் நிற்கும். ஒன்றே ஒன்று வாங்கினால் அதன் பெயரை அடித்துவிடுவோம். ஒருத்தருக்கு மட்டும் பிடித்த படத்தை அவர் வீட்டில் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சங்கத்தை ஆரம்பித்தவர்கள் எழுதி வைத்தது. படகோட்டி ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. ஆனால் முப்பது வருடம் இரண்டு ஓட்டு வாங்கியது. அதுதான் அதன் உயிர். இரண்டு பேர், இரண்டு சீட்டு.

எண்ணுகிறவன் நான். எண்ணி முடித்ததும் சீட்டுகளை அன்றைய சௌனா அடுப்பு மூட்டப் பயன்படுத்துவோம். யார் எதற்குப் போட்டார்கள் என்று பின்னால் ஒருவரும் கிளறக்கூடாது என்பதற்காக.

துரோகம் ஓட்டில் தொடங்கவில்லை. பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டது. அன்று நாங்கள் இருவரும் ஏரியில் வெட்டிய பனித் துளையில் முங்கிவிட்டு வந்து, தொத்திறைச்சி கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டைஸ்தோ தன் தட்டையான தச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டே, நாளைக்குப் பனி விழும் என்பதுபோலச் சொன்னான்.

“இல்மோ, நேத்து அந்தப் படத்தத் திரும்பப் போட்டுப் பாத்தேன். நீ சொல்றதுதான் சரி. அவன் அழறான்டா.”

நான் விளையாட்டு என்று நினைத்தேன்.

“மழை அப்புறம்தான் வருது,” என்றான். “முகம் முன்னாடியே நனைஞ்சிருச்சு. இத்தன வருஷம் கவனிக்கவே இல்ல பாரு. தோத்துட்டேன். சந்தோஷமா?”

சந்தோஷமா என்று கேட்டான். என்னைக் கேட்காமல் எப்படி அவன் என் பக்கம் வரலாம்? முப்பத்தொரு வருடம் நான் தள்ளிக்கொண்டிருந்த கதவை அவன் உள்ளிருந்து சட்டென்று திறந்துவிட்டான். நான் குப்புற விழுந்தேன் மேடம். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அடுத்த நான்கு ஞாயிறும் சௌனாவில் எங்களுக்குப் பேச ஒன்றும் இல்லை. அவன் சிரித்துக்கொண்டே வியர்வை வர இலைக்கொத்தால் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான்.

ஓர்வோக்கியைப் பற்றியும் கேட்பீர்கள், ஆர்வோ ஏற்கெனவே ஏதாவது சொல்லியிருப்பார். நூலகத்துக்கு மாற்றலாகி வந்த பெண்மணி. இரண்டு வருடமாகத்தான் உறுப்பினர். படத்தில் யாராவது சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. அவர் பட்டியலில் சேர்த்த படம் ‘வெண்ணெய்த் தெரு’. எதிரெதிரே இரண்டு ரொட்டிக் கடை, இடையில் ஒரு காதல். சிரிக்க வைத்துவிட்டால் படமாகிவிடுமா என்று நான் கேட்டேன்.

“சிரிக்க வெச்சா என்ன குத்தம் இல்மோ? நீங்க சிரிச்சு நான் ஒரு தடவகூடப் பாத்ததில்லையே,” என்றார். என் கழுத்துத் துணி அவிழ்ந்திருந்தது. அதைச் சரியாகச் சுற்றிவிட்டு, “உங்க ஓட்டு எனக்குத்தான்,” என்று சொல்லிவிட்டுப் போனார். இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்பதால் சொன்னேன்.

ஓட்டெடுப்பு நாளன்று டப்பாவைத் திறந்தேன். வெண்ணெய்த் தெரு ஒன்பது. ஒரு போர்ப் படம் எட்டு. மற்றவை மூன்றும் இரண்டும். படகோட்டி ஒன்று.

இரண்டு பேர் இருக்குமிடத்தில் ஒரு சீட்டு. எழுந்து நின்று வாசித்தேன். ஆர்வோ உடனே, “அடடா, உங்க ரெண்டு பேர்ல யாருப்பா கட்சி மாறினது?” என்றார். மண்டபமே சிரித்தது. நான் டைஸ்தோவைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்து பூட்ஸைப் பார்த்தான். யார் கண்ணைத் தாழ்த்தியது என்று மண்டபத்தில் எல்லோரும் பார்த்தார்கள். விசாரித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் படகோட்டியின் பெயரை நானே அடித்தேன். செயலாளர் என்ற முறையில் அது என் வேலை.

மற்றவர்கள் ஓர்வோக்கி வீட்டுக்குக் கேக் சாப்பிடப் போனார்கள். நான் சீட்டுகளைக் கொண்டுபோய் அடுப்பு மூட்டினேன். எங்களுடையது பழைய அடுப்பு. விறகு முழுக்க எரிந்து, தணலும் செத்த பிறகுதான் தகட்டை மூடிவிட்டு உள்ளே போக வேண்டும். தணலில் நீலச் சுவாலை ஒன்று மிச்சமிருந்தாலும் காத்திருக்க வேண்டும். இதை நான் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சொல்லிக்கொடுத்தவன்.

டைஸ்தோ ஐந்து மணிக்கு வந்தான். ஏரிப் பனிமேல் நல்ல வெயில். “ஆயிடுச்சா?” என்றான். ஆயிற்று என்றேன். அடுப்பை அவன் எட்டிப் பார்க்கவில்லை. என் வார்த்தைக்கு மேல் அவன் பார்த்ததில்லை. மேல் பலகையில் ஏறிப் படுத்தான். நான் தகட்டைத் தள்ளினேன், காற்றுத் துளையில் கந்தலைச் செருகினேன். தண்ணீர் வாளியை நிரப்பிக்கொண்டு வருகிறேன் என்று வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சுவரையொட்டிப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்தேன். பலகைச் சுவர். உள்ளே பேசுவது வெளியே நன்றாகக் கேட்கும்.

“இல்மோ, எங்கடா போன?”

“இங்கதான் இருக்கேன். வெயில் நல்லாருக்கு.”

பிறகு, “ஒண்ணு சொல்லணும். கோவப்படாத. அந்த ஒத்த ஓட்டு என்னோடது,” என்றான்.

நான் வாளியைக் காலால் தள்ளி வைத்தேன்.

“உனக்கும் தெரியும். நீதான எண்ணின. என் பென்சில் கோடு உனக்குத் தெரியாதா? மண்டபத்துல உன்னப் பாக்கவே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நீ ஏன்டா மூஞ்சிய அப்படி வெச்சிருந்த? ஓர்வோக்கி படத்துக்குத்தான போட்ட. போட்டா போட்டுட்டுப் போ. அவங்க நல்லவங்க. நானும் எத்தன நாளா நினைச்சுட்டிருக்கேன், இவனுக்கு ஒரு வழி பொறந்தா நல்லதுன்னு.”

ஆமாம், என் சீட்டில் வெண்ணெய்த் தெரு என்றுதான் எழுதினேன். ஒன்பதாவது ஓட்டு அது. ஆனால் நான் எப்படி ஓட்டுப் போட்டேன் என்பது இரகசியம். அதை ஒருவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து சத்தமாகச் சொல்வது சங்க விதிக்கு விரோதம். அதைவிட, அவன் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். அவன் என்னை மன்னித்துக்கொண்டிருந்தான். எனக்கு அது தாங்கவில்லை.

“தலை வலிக்குதுடா,” என்றான்.

“சூடு அப்படி. கொஞ்சம் படு.”

“படகோட்டியப் பத்திக் கவலப்படாத. விதிப் புத்தகத்தப் பாத்தேன். மூணு பேர் கையெழுத்துப் போட்டா திரும்பப் பட்டியல்ல ஏத்தலாமாம். நான் போட்டுட்டேன். மண்டபத்துலயே ஓர்வோக்கிட்டக் கேட்டேன், அவங்களும் போட்டுட்டாங்க. நீ மூணாவது. கோட்டுப் பையில இருக்கு.”

பேச்சு இழுத்துக்கொண்டு வந்தது. எழுந்து கதவைத் திறக்க எனக்கு நான்கு எட்டு. நான் அரக்கன் இல்லை மேடம். அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். சுவரில் வாயை வைத்துக் கேட்டேன்.

“டைஸ்தோ, அது மழையா, கண்ணீரா?”

மழை என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் திறந்திருப்பேன். பழைய டைஸ்தோ சாகும்போதும் மழை என்றுதான் சொல்லியிருப்பான்.

வெகு நேரம் கழித்து, “நீ சொன்னதுதான்டா,” என்றான். “கண்ணீர்தான்.”

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. நான் எழுந்து போகவில்லை. பாதியில் எழுந்து போகிற பழக்கம் எனக்கு இல்லை என்று முதலிலேயே சொன்னேன். வெயில் ஏரியிலிருந்து விலகும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளே போய், மூச்சை அடக்கிக்கொண்டு கந்தலை உருவினேன். கதவைத் திறந்துவிட்டு, ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

நடந்தது இவ்வளவுதான். டைஸ்தோவை நான் கொன்றேன். அறிக்கையில் அந்த வரியைத் திருத்திவிடுங்கள். கொடுங்கள், எங்கே வேண்டுமோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

அப்படியே இன்னொன்று. அவன் கோட்டுப் பையில் இருந்த தாள் உங்களிடம்தான் இருக்கும். இரண்டு கையெழுத்துக்குக் கீழே மூன்றாவது இடம் காலியாக இருக்கும். பக்கத்தில் பென்சிலால் என் பெயரை அவனே எழுதி வைத்திருப்பான். பேனாவைத் திரும்ப வாங்குவதற்கு முன் அதையும் என்னிடம் ஒரு நிமிடம் தாருங்கள். எங்கள் இருவரில் ஒருவனாவது அந்தப் படத்தைக் கைவிடாமல் இருக்க வேண்டாமா?