கோல் கம்பங்களுக்கு நடுவே ஒரு பூனை வீடு

படகுத்துறைச் சங்கத்துக்கும் கால்பந்துக் கழகத்துக்கும் ஒருசேரத் தலைவராக வீற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய ரொசாமெல் ஐயா அவர்களே! மழையென்றும் பாராமல் மைதானத்தில் கூடியிருக்கும் பெரியோர்களே! குழந்தையை ஒரு கையிலும் குடையை மறு கையிலும் பிடித்திருக்கும் தாய்மார்களே! நேற்று முழுக்கக் கயிறு இழுத்து இன்று கையைத் தூக்கவும் முடியாமல் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே! லெம்பாய்த் தீவின் மக்களே! எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் யாஸ்னா. சிப்பிக் கொட்டகையில் சிப்பி உடைப்பவள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொண்டவள். என்னை ஏன் மேடையில் ஏற்றினார்கள்? அந்தப் பூனை வீட்டின் படத்தை முதலில் வரைந்தது நான் என்பதால்! "முதல்ல வரைஞ்சவதான் கடைசியில வாங்கிக் கட்டிக்கணும்" என்று கொட்டகையில் என் பக்கத்தில் சிப்பி உடைக்கும் நோல்ஃபா அக்கா தள்ளிவிட்டார்கள். ஆமாம் அக்கா, உங்களைத்தான் சொல்கிறேன். மறைந்துகொள்ள வேண்டாம்.

எதற்காக இந்தக் கூட்டம்? ஒரே கேள்விக்காக. துறையில் வலைக்கொட்டகையின் அடியில் பிறந்து, வளர்ந்து, வாழ்ந்த நம் பூனைகளுக்கு இந்தத் தீவில் ஓர் இடம் உண்டா, இல்லையா? தலைவர் அவர்கள் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "தூண்டில் இரையெல்லாம் திங்குதுங்க. திருவிழாவுக்குள்ள ஒரு வீடு கட்டி அடைச்சிட்டீங்கன்னா சரி. இல்லேன்னா எல்லாத்தையும் படகுல ஏத்தி மொட்டைத்திட்டுல விட்டுருவேன்!" மொட்டைத்திட்டில் மரம் உண்டா? இல்லை. நல்ல தண்ணீர் உண்டா? இல்லை. கூரை உண்டா? வானம்தான் கூரை; அதுவும் ஒழுகும் கூரை! திருவிழா நாளை. படகு துறையில் நிற்கிறது.

நான் வரைந்தது என்ன? தாழ்ந்த வீடு. இருண்ட வீடு. நுழைய நாலைந்து பொந்து, படுக்க நாலைந்து பலகை. அவ்வளவுதான். அந்தப் படத்தைத் தச்சர் எலியோதோரோ மாமாவிடம் காட்டினேன். மாமா வாழ்நாளில் கட்டியது படகும் தேவாலயமும். படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஜன்னல் எங்கம்மா? கடல் தெரியாம ஒரு ஜீவன் எப்படி உட்கார்ந்திருக்கும்?" என்றார். ஜன்னல் வந்தது. "அடுப்பில்லாத வீடு வீடாடீ?" என்றார் நோல்ஃபா அக்கா. விறகடுப்பு வந்தது. அடுப்பு வந்தால் பக்கத்தில் விருந்தாளி உட்கார பெஞ்சு வேண்டாமா? பெஞ்சு வந்தது. கதவுக்கு மேலே சின்னதாக ஒரு மணிக்கூண்டு வந்தது.

"மாமா, மணியை யாரு அடிப்பா?"

"ஆளு வந்தா பூனைக்குத் தெரிய வேணாமா? கேக்குற கேள்வியப் பாரு!"

சிரிக்கிறீர்கள்! பலகை அறுத்தது யார்? நீங்கள்! ஆணி அடித்தது யார்? நீங்கள்! "கைப்பிடி பித்தளையா இருக்கட்டும்" என்று பின்வரிசையிலிருந்து கத்தியது யார்? ... அவரே கை தூக்குகிறார், நன்றி.

காற்றும் காட்சியும் உள்ள குன்றின் உச்சியில் வீடு எழுந்தது. பூனைகள் வந்தனவா? வரவில்லை! மீனை வைத்து அழைத்தோம். வந்தன, தின்றன, திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போயின. படகுகள் வருவது கீழே; பூனைகளுக்கு மேலே என்ன வேலை?

வேறு ஊராக இருந்தால் என்ன செய்திருப்பார்கள்? பூனையைப் பிடித்து மேலே கொண்டுபோயிருப்பார்கள். இந்த யோசனை நம்மில் ஒருவருக்காவது வந்ததா? சத்தியமாக வரவில்லை! வண்டிக்கார செகுண்டோ அண்ணன் தாடியைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "பூனை மேல தப்பில்லப்பா. வீடுதான் தப்பான இடத்துல நிக்குது. மாட்டப் பூட்டுங்க, துறைக்கு இழுத்துருவோம்."

மிங்கா! ஊரே கூடி ஒரு வீட்டை இழுத்து நகர்த்தும் வேலை; சிலோயே தீவுகள் முழுக்க இந்த ஒரு சொல்லுக்கு ஆள் சேரும். வீட்டுக்கடியில் உருட்டுக்கட்டை வைத்தோம். மாடுகளைப் பூட்டினோம். அக்கார்டியன் முழங்கியது. வீடு நகர்ந்தது, நோல்ஃபா அக்கா இன்னும் உள்ளே அடுப்பருகே! "அக்கா, வெளிய வாங்க!" என்று கத்தினேன். நோல்ஃபா அக்கா ஜன்னலில் தலையை நீட்டி, "எண்ணெ காஞ்சிருச்சுடீ, மீனப் போட்டுட்டேன். நீ உன் கயித்தப் பாரு!" என்றார்கள். புகைபோக்கி புகைந்தது, மணி தானாக அடித்தது, மீன் பொரியும் மணம் குன்றிலிருந்து இறங்கியது. அந்த மணத்தை எதிர்கொண்டு துறையிலிருந்து ஏறின பாருங்கள் நம் பூனைகள்! கறுப்பு, வெள்ளை, சாம்பல், ஒற்றைக்காது! ஓடுகிற வீட்டுக்குள் ஒவ்வொன்றாகத் தாவின. எந்த வழியாக? நான் வேண்டாம் என்று சண்டை போட்ட ஜன்னல் வழியாக! மாமா, மன்னியுங்கள்.

பிறகு நடந்ததை நீங்களே பார்க்கிறீர்கள். சேற்றில் கயிறு அறுந்தது. வீடு சறுக்கியது. சறுக்கிய வீடு நேராக நம் கோலுக்குள் புகுந்து, கம்பத்துக்குக் கம்பம் கனகச்சிதமாகப் பொருந்தி நின்றது. நம் மைதானத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு கோல் விழுந்து நான் பார்த்ததில்லை!

"இது பந்தாடுற இடம். இழுத்து வெளிய போடு!" என்றார் தலைவர். ஐயா, ஒன்று கேட்கிறேன். வீடு நின்ற இடத்தில் குழி தோண்டி, கல்லைச் சூடாக்கி, சிப்பியும் கிழங்கும் கறியும் வேகவைத்தோமே, சாப்பிட்டீர்களா இல்லையா?

"பசிச்சுது, தின்னேன். அதுக்கென்ன?" என்கிறார் தலைவர்.

அதுக்கென்னவா? இழுத்தவன் உட்கார்ந்து உண்ட இடமே வீட்டின் இடம்! இது நம் தீவின் வழக்கமா, இல்லையா? சத்தமாகச் சொல்லுங்கள்! தலைவரே இரண்டாம் முறை தட்டை நீட்டினார். அதை நான் மட்டுமா பார்த்தேன்?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு என்ன வழி என்று ஒரு தம்பி கேட்கிறார். தம்பி, போன பருவத்தில் நம் பையன்கள் அதிகமாகக் கோல் அடித்தது எந்தப் பக்கம்? நம் பக்கமே! அந்தப் பக்கத்தை அடைத்துவிட்டால் தோற்க ஏது வழி?

உறவுகளே! கடல் ஏறிவந்தபோது நாம் அண்டை வீட்டாரைக் கைவிட்டோமா? அவர் வீட்டையே தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்தோம். நனைந்தவனை "நீ யார்" என்று கேட்டோமா? கதவைத் திறந்தோம், கேள்வியை அடுப்பருகே கேட்டோம். அப்படிப்பட்ட நாமா, நம் துறையில் பிறந்த உயிர்களைத் தண்ணீரில்லாத திட்டில் இறக்கிவிட்டுப் படகைத் திருப்பப் போகிறோம்? திருப்பும்போது அவை கரையில் நின்று நம்மைப் பார்க்குமே, அதை யார் பார்ப்பது? என்னால் முடியாது. உங்களால் முடியுமா?

வீடு இங்கேயே நிற்கட்டும்! பூனைகள் அதிலேயே இருக்கட்டும்! இதை மறுப்பவர்கள் கை தூக்கலாம்.

இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கம் இல்லை. தாய்மார்கள் பக்கம் கேட்கவே வேண்டாம். தலைவர் அவர்களே, தங்கள் கை? கம்பளிக்குள் என்ன செய்கிறது? என்ன சொல்கிறீர்கள்? கேட்கவில்லை ஐயா. பொறுங்கள், கிட்டே வருகிறேன்.

மக்களே, தலைவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "கத்தாத பொண்ணே. ஒற்றைக்காது மடியில ஏறிருச்சு. இப்பத்தான் கண்ண மூடுச்சு. கைய எடுத்தா முழிச்சுக்கும்."

தலைவர் கை தூக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது!

உஷ்! கைதட்ட வேண்டாம். கயிறு இழுத்த கைகளுக்கும், மீன் பொரித்த கைகளுக்கும், கம்பளிக்குள் அசையாமல் இருக்கும் அந்த இரண்டு கைகளுக்கும் என் நன்றி. எல்லோரும் மெதுவாக எழுந்து, சத்தமில்லாமல் வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.