அறுவதடிக் கெணறும் ஒரு பச்சைச் சைக்கிளும்

சிரிக்கறாரு பாருங்க அம்மணி, பின்னால ஜன்னலோரம், தலையில துண்டு கட்டிட்டு... அவருதானுங்க எங்கூட்டுக்காரரு, கோவிந்தராஜுலு. கோயமுத்தூர்ல பஸ் ஏறுனதுலருந்து அந்தச் சிரிப்புத்தான். எனக்குப் பத்திட்டு வருது. சித்தெ தள்ளி உக்காருங்க, சொல்றேன்.

முன்னால இப்படியில்லீங்க. மேகம் கூடுனா பருத்தி போச்சும்பாரு. மேகம் கலைஞ்சா மழை போச்சும்பாரு. மாடு தும்முனாக்கூட... ஆமாங்க, தும்முனாக்கூட அவருக்குச் சோறு எறங்காது. போன தையில பல்லு வலின்னு டவுனுக்கு வந்தவரு, பஸ்ஸுக்கு நேரமிருக்குதுன்னு ஏதோ ஒரு சொற்பொழிவுல போயி உக்காந்துட்டாரு. கெட்டதையே நெனச்சாக் கை ஓடாது, நல்லதை நெனச்சாத்தான் வேலை நடக்கும்னு அங்க சொன்னாங்களாமா. அவ்வளவுதான். பல்லைப் புடுங்கிப்போட்டு, வாயில பஞ்சோட வந்து நின்னு, "ராமாமணி, கெணத்தை மறுக்கா வெட்டறோம்"னாரு.

எந்தக் கெணறுங்கறீங்களா? அதைச் சொல்லலையா நானு... எங்க பருத்திக் காட்டுல அறுவதடி வெட்டி, பாறை வந்து, மூணு வருசமாச் சும்மா கெடந்துதுங்க. பாதிக் காடு காஞ்சுபோச்சு. ரண்டு சோடி மாட்டைப் பொள்ளாச்சிச் சந்தையில வித்துப்போட்டோம். இந்தத் தடவையும் தண்ணி வரலீன்னா காட்டையும் குடுத்துப்போட்டு மில்லு வேலைக்குத்தான் போகோணும். இவரு... சும்மா நெனச்சுட்டு மட்டும் உக்காந்திருக்கலைங்க, அதையும் சொல்லோணுமல்ல. பொழுது விடிஞ்சா வெட்டறவங்களோட தானும் எறங்கிருவாரு. நாலு வெடி வெச்சாங்க. கல்லுப்பொடிதான் வந்துது. மேஸ்திரி கந்தப்பனே, "போதுமுங்க, உட்ருங்க"ன்னுட்டாரு. இவரு, "இன்னொரு முழம், கந்தப்பா. பாறை ஈரமா இருக்குது பாரு"ங்கறாரு. எட்டிப் பாத்தேன். அது இவரு வேர்வைங்க.

எனக்கு வந்துது ஆத்திரம். அத்தனை ஆளுக முன்னால ஒரு வார்த்தை உட்டுப்போட்டேன். "இந்தப் பாறையில தண்ணி வந்தா, நான் சேலையை வரிஞ்சு கட்டிட்டு ஊரைச் சுத்திச் சைக்கிள் ஓட்டறேன்"னேன். யாரும் கேக்கலைங்க. நானாத்தான் சொன்னேன்.

அஞ்சாவது வெடி... பொகை அடங்குனதும் கந்தப்பன் எட்டிப் பாத்துட்டு இவரைக் கையைப் புடிச்சு இழுக்கறாரு. பாறை நடுவுல கைமொத்தத்துக்குத் தண்ணி பொங்குது. இவரு எறங்கிப் பாத்துப்போட்டு, சேத்தோட மேல ஏறி வந்தாரு. நான் அழுதுட்டேனுங்க. மூணு வருசத்துக் கண்ணீரு. நான் அழுதுட்டிருக்கறப்ப இந்த மனுசன் மெதுவாக் கேக்கறாரு, "பச்சை வேணுமா, கறுப்பு வேணுமா?"

பச்சைதானுங்க. பஸ்ஸு மேல கட்டியிருக்குது.

சைக்கிள் கடை முன்னால ஓட்டிப் பாக்கச் சொன்னாங்க. இவரு புடிச்சுட்டு வந்தாரு. ஒரு நாலடி, அவரு கையையும் தட்டி உட்டுப்போட்டுத் தனியாப் போனேன். அப்பறம் கடைக்காரரு மேலயே சாஞ்சுட்டேன், அது வேற நாயம். ஆனா அந்த நாலடி... எப்படிச் சொல்றது அம்மணி, நாப்பது வயசுல காலு ரண்டும் தரையில இல்லீங்க. விழுந்துருவேன்னு ஒரு நெனப்பும் வரலைங்க. அவரு சொன்ன மாதரயே இருந்துது. இதை மட்டும் அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க.

கிணத்துக்கடவு வந்திருச்சுங்களா? நாங்க எறங்கோணும். இங்கிருந்து ஊருக்கு ரண்டு மைலு. நடந்துக்கலாமுன்னு நெனச்சுட்டிருக்கறாரு. அவரை நான் கேரியர்ல உக்காரச் சொல்லப்போறேன். நல்லதையே நெனைக்கற மனுசனாச்சே, உக்காரட்டும்.