மாறிப்போன ஓர் எழுத்து

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் பாண்டி பஸ் கிளம்பக் காத்திருந்தது. எனக்கு முன்சீட்டில் சிறுமியை மடியில் வைத்தபடி ஒரு பெண். வழியனுப்ப வந்த அவள் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“ஒரே ஒரு எழுத்து மாறினதுக்கா அண்ணி, புள்ளைக்கு மாசாமாசம் ரத்தம் ஏத்துறாங்க?”

“ஆமாம். ரத்தம் ஊறுறதுக்கான குறிப்பு ஜீன்ல இருக்குதாம். உடம்பு அத நகலெடுத்து, வேணாததை வெட்டிட்டு மிச்சத்த ஒட்டுமாம். எங்க வெட்டணும்னு அதுலயே அடையாள எழுத்து இருக்குது. அது மாறிட்டா தப்பான எடத்துல வெட்டிடுது. அப்பறம் நல்ல ரத்தம் எப்படி ஊறும்?”

“ஒங்க வழியில வந்ததுன்னு அம்மா சொல்றாங்க.”

“மாறின எழுத்து என்கிட்ட ஒண்ணு, உங்கண்ணன்கிட்ட ஒண்ணு. ரெண்டும் சேர்ந்துதான் இவளுக்கு வந்துச்சு. உனக்கும் இருக்கலாம் செல்வி. கட்டிக்கப் போறவரும் உன் சொந்த மாமா மவன்தானே, அவருக்கும் இருக்கலாம்ல? ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்துட்டு அப்பறமா தேதி வையுங்க.”

“கல்யாணம் நின்னுபோச்சுன்னா?”

“நிக்கணும்னு இல்ல. முன்னாடியே தெரிஞ்சா என்ன செய்யலாம்னு டாக்டரு சொல்வாங்க. எங்களுக்குத்தான் யாரும் சொல்லல.”

நாத்தனார் சிறுமியின் கையிலிருந்த ஊசித் தழும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அவள் இறங்கவில்லை. மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள்.

“நான்தாங்க. அண்ணியோட பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போறேன், ரத்தம் டெஸ்ட் பண்ண. நீங்களும் அடுத்த பஸ்ஸ புடிச்சு வந்துடுங்க.”