முரசு அண்ணன் குச்சியைக் கீழே வைத்த ஆட்டம்

தலைமை ஏற்றிருக்கும் ரசிகர் மன்றத் தலைவர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் மைதான மேலாளர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் முரசு அண்ணனின் துணைவியார், நம் அண்ணி அவர்களே, பணிமனையிலிருந்து சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருக்கும் ஓட்டுநர்களே, நடத்துநர்களே, என் முகத்தைப் பார்த்ததும் பழைய ஞாபகத்தில் பல்லைக் கடிக்கும் ரசிகப் பெருமக்களே! அனைவருக்கும் கனத்த நெஞ்சோடு என் வணக்கம்.

இரங்கல் கூட்டத்தில் இறந்தவரின் நண்பர்கள் பேசுவார்கள். என்னை ஏன் கூப்பிட்டார்கள்? நான் இந்த மைதானத்தில் முப்பது ஆண்டுகள் கால்பந்துக் கோட்டு நடுவராகக் கொடி பிடித்து ஓய்வு பெற்றவன். அந்த முப்பது ஆண்டுகளும் கிழக்கு கேலரியில் மேளத்தோடு நின்று என்னைத் திட்டித் தீர்த்தவர் நம் முரசு அண்ணன். "யோவ் கொடி! கண்ணைக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வந்தியா?" இது அவர் எனக்குப் பாடிய தாலாட்டு. ஆட்ட நாளில் மாலை முறை வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வார். ஆட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கும் பேருந்து அவர் ஓட்டுவதுதான். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். வேறு யாராவது என்னைத் திட்டினால் வண்டியை நிறுத்தித் திரும்பி, "அவனைத் திட்டுறது என் வேலை. நீ டிக்கெட்டை எடு" என்பார். இப்படி ஓர் எதிரி இனி எனக்குக் கிடைப்பாரா?

பேசத் தொடங்குமுன் அவருடைய படத்தை நான் நேராக்கி வைத்ததைப் பார்த்திருப்பீர்கள். தலைவர்கூடச் சிரித்தார். என் தொழில் புத்தி அது. பந்து எங்கே போனாலும் கவலையில்லை, எனக்குக் கோடு நேராக இருக்க வேண்டும். நாம் உட்கார்ந்திருப்பது கிழக்கு கேலரியின் அடியில் இருக்கும் அறை. நம் தலைக்கு மேல் தெரியும் கூரைதான் மேலே அமர்பவர்களுக்குப் படிக்கட்டு. இந்தக் கூட்டத்துக்காகப் புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்கள். வெள்ளையடிப்பதற்கு முன்பு இங்கே வந்தவர்களுக்கு அந்த இரண்டாவது தூணுக்கு மேலே என்ன இருந்தது என்று தெரியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முரசு அண்ணன் எப்படிப்பட்டவர்? செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வண்டி ஓட்டுவார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மேளம் அடிப்பார். "எதுவா இருந்தாலும் காலுக்குத்தான் முதல்ல தெரியும் கொடி. அப்புறம்தான் காதுக்கு" என்பார். ஒருமுறை நல்ல நெரிசலில் ஓடிக்கொண்டிருந்த பேருந்தை ஓரம் கட்டி, அத்தனை பேரையும் வெயிலில் இறக்கிவிட்டார். "வண்டி நல்லாத்தானே ஓடுது, உங்களுக்கு என்ன கிறுக்கா?" என்று ஒரு பெரியவர் கைநீட்டிச் சண்டைக்கே போய்விட்டார். அண்ணன் நடத்துநரைக் கீழே பார்க்கச் சொன்னார். நடத்துநர் குனிந்து பார்த்தபோது பின்சக்கரத்தில் பாதி நட்டுகள் கழன்று போயிருந்தன. அந்த நடத்துநர் இதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார். தலையை ஆட்டுகிறார், பாருங்கள்!

இன்றைய ஆட்டத்துக்கு மேலே கூட்டம் சேரத் தொடங்கிவிட்டது. கேட்கிறதல்லவா? இப்போதைக்கு வெறும் காலடிச் சத்தம்தான்.

அவருடைய பேருந்தில் போனவர்களுக்கு அந்த வழக்கம் தெரியும். கடைசி நிறுத்தம் வந்ததும் என்ஜினை அணைத்துவிட்டு இருக்கையிலேயே திரும்பி உட்காருவார். அன்றைய ஆட்டத்தில் தனக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன என்று சொல்லுவார். சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் இறங்கமாட்டார்கள். வீட்டில் அடுப்பில் எது கருகினாலும் சரி! கோல் அடித்தவனை அவர் புகழ்ந்து நான் கேட்டதேயில்லை. "கோலை எல்லாரும்தான் பார்த்தீங்க" என்று தள்ளிவிடுவார். காயம்பட்ட எதிரணிக்காரனுக்குத் தண்ணீர் கொடுத்த நம் பையனைப் பிடிக்கும். பந்தை இழந்த பிறகும் பின்னாடியே ஓடி வருபவனைப் பிடிக்கும். சட்டைச் சின்னத்தை முத்தமிடுபவனைப் பிடிக்காது. கோல் விழுந்ததும் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவது அறவே பிடிக்காது. "நாங்க கத்துறதுக்குக்கூட ஆள் வச்சிட்டீங்களாடா?" என்பார். என் கொடி எந்த ஆட்டத்திலும் பிடிக்காது. அது நிரந்தரப் பட்டியல்.

இனி அந்த இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன். உங்களில் பலருக்குக் கசக்கும். எனக்கும்தான்.

இத்தனை ஆண்டு கழித்து நம் அணி கோப்பைக்கு ஆடிய நாள். முதல் பாதியில் நாம் ஒரு கோல் முன்னிலை. கிழக்கு கேலரி முழுவதும் எழுந்து குதிக்கிறது. அண்ணன் அடிக்க, நீங்கள் குதிக்க, ஓய்வு பெற்றுவிட்ட நான் எதிரே மேற்குப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் பாதியின் நடுவில், யாரும் எதிர்பாராத நேரத்தில், மேளம் நின்றது. அண்ணன் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்! "அடிண்ணே! அடிண்ணே!" என்று எத்தனை குரல்! அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குதித்தவர்கள் தாளம் தப்பி நின்றார்கள். கேலரி அடங்கியது. அதற்குப் பிறகு என்ன நடந்தது? அடுத்தடுத்து இரண்டு கோல். கோப்பை கைநழுவியது. தோற்றது பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்களின் தூக்கத்தால். பழி விழுந்தது மேளம் நிறுத்தியவர்மேல். சொந்த மைத்துனர், அண்ணியின் உடன்பிறந்த தம்பி, அத்தனை பேர் முன்னிலையில் அவர் சட்டையைப் பிடித்தார். வாசலில் நின்ற பேருந்தின் கண்ணாடியை யாரோ உடைத்தார்கள்.

அன்று மாலை அந்தப் பேருந்தில் ஏறியவர்கள் இரண்டே பேர். அண்ணியும் நானும். எப்போதும் படிவரைக்கும் தொங்கும் வண்டி! கடைசி நிறுத்தம் வந்தது. அண்ணன் வழக்கம்போல என்ஜினை அணைத்தார். வழக்கம்போலத் திரும்பி உட்கார்ந்தார். காலி இருக்கைகளைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். "ஏங்க, யாருகிட்டப் பேசுறீங்க? வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றார்கள் அண்ணி. அவர் கேட்கவில்லை.

"பிடிச்சது ஒண்ணு. நம்ம கோலுக்கு முன்னாடி அந்த ரைட் பேக் பையன் பந்தை அடிக்காம ஒரு நொடி தலையைத் தூக்கிப் பார்த்தான் பாரு, அது. பிடிச்சது ரெண்டு. நம்ம ஆளு கால் சுளுக்கி விழுந்தப்போ அவங்க கோல்கீப்பர் பந்தை வெளியில அடிச்சான். தோத்துக்கிட்டு இருக்கும்போது அந்த மனசு யாருக்கு வரும்? மூணு, உன் இடத்துக்கு வந்திருக்கிற புதுப் பையன் கொடியைச் சரியாப் பிடிக்கிறான். உன்னை மாதிரி இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

"பிடிக்காதது ஒண்ணே ஒண்ணு. கேலரி எனக்குப் பதில் சொல்லுது, கொடி. நான் அடிக்கிறேன், இவங்க குதிக்கிறாங்க, கீழ இருந்து அது திருப்பி அடிக்குது. முதல் பாதியில லேசா. ரெண்டாவது பாதியில என் குதிகால்ல உதைக்குது. சரின்னு நிறுத்திட்டேன். எல்லாரும் நின்னுட்டாங்க. அது நிக்கல. நான் நிறுத்தின பிறகும் ரெண்டு அடி அடிச்சிட்டுத்தான் நின்னுச்சு. அது எனக்குப் பிடிக்கல. கொஞ்சம்கூடப் பிடிக்கல."

அடுத்த வாரம் மைதான மேலாளரைப் போய்ப் பார்த்தார். நானும் உடன் போனேன். மேலாளர் மரியாதையாகவே பேசினார். "கான்கிரீட்னா கொஞ்சம் ஆடத்தாங்க செய்யும். ஆடலைன்னாதான் பயப்படணும்" என்றார். அவர் பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை. கொஞ்சம் ஆடலாம். எதுவரைக்கும் கொஞ்சம்? அதை யார் போய் அளந்தார்கள்? இந்த அறைக்குள் வந்து இரண்டாவது தூணுக்கு மேலே இருந்த விரிசலை அண்ணன் விரலால் தொட்டுக் காட்டினார். அவருடைய சுண்டுவிரல் நகம் உள்ளே போனது. மேலாளர் குறித்துக்கொண்டார். இப்போது அங்கே பாருங்கள், பளிச்சென்று இருக்கிறது. சுண்ணாம்புக்கு அடியில் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

மன்றத்துக்காரர்களிடம் சொன்னார். "தோத்ததுக்குக் கதை சொல்றாரு" என்றார்கள். நிறுத்தத்தில் நிற்பீர்கள், அவர் பேருந்து வரும், அவர் முகத்தைப் பார்ப்பீர்கள், ஏறாமல் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பீர்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார் மனிதர். பிறகு மூடிவிட்டுப் போவார். உங்களைத் திட்ட வேண்டுமென்று எனக்கு நாக்கு துடிக்கிறது. அவர் இருந்தால், "அவங்களைத் திட்டுறது உன் வேலை இல்ல" என்பார். அதனால் விடுகிறேன்.

போன வாரம் பணிமனையில், வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துவிட்டார். இதயம் என்றார்கள். கை மட்டும் ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி இருந்ததாம். செய்தி கேட்டதும் ஊரே அழுதது. அவர் பேருந்தில் ஏறாதவர்கள்தான் அதிகம் அழுதார்கள். அழுத கையோடு ஒரு முடிவும் எடுத்தீர்கள். அவர் நினைவாக இன்று ஓர் அஞ்சலி ஆட்டம். அவருடைய மேளத்தை அவர் மைத்துனர் அடிப்பார். அன்றைக்கு நின்ற மேளம், இன்றைக்கு ஆட்டம் முடியும்வரை நிற்கவே நிற்காது. கேலரி முழுவதும் அவருக்காகக் குதிக்கும்!

அன்புள்ளவர்களே, இதைவிட அந்த மனிதருக்கு வேறு என்ன கெடுதல் செய்ய முடியும்? வேண்டாமென்று தலைவரிடம் நேற்றே கேட்டேன். "அவருக்கு நாங்க வேற எப்படிங்க மன்னிப்புக் கேக்கிறது?" என்று கண் கலங்கினார். நல்ல மனம்தான். அந்த நல்ல மனம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தொடங்கிவிட்டது. கேட்கிறதா? அதே மேளம். தம்பி நன்றாகத்தான் அடிக்கிறார். அத்தானிடம் கற்ற கை.

யாரும் பதற வேண்டாம். கொஞ்சம் பொறுத்து என்னை மட்டும் பாருங்கள். இல்லை, என்னைப் பார்க்க வேண்டாம், எனக்கு முன்னால் இருக்கும் இந்தத் தண்ணீர்க் குவளையைப் பாருங்கள். இவ்வளவு நேரம் சும்மா இருந்தது. இப்போது நடுவில் வட்டம் வட்டமாக எழும்புகிறது. நான் மேசையைத் தொடவில்லை. முன்வரிசையில் உங்கள் தோளில் என்ன விழுந்திருக்கிறது ஐயா? தட்டிவிடாதீர்கள், மேலாளரிடம் காட்டுங்கள். இன்று காலை அடித்த சுண்ணாம்பு. மேலாளர் அவர்களே, இது கொஞ்சமா? படத்தை மறுபடி பாருங்கள். நான் நேராக்கி வைத்த படம். இப்போது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?

அண்ணி எழுந்துவிட்டார்கள். வழி விடுங்கள்! அவர்கள் தம்பி வேறு யார் சொன்னாலும் கேட்கமாட்டார், அக்கா சொன்னால் கேட்பார். வழி விடுங்கள், அவர்கள் முதலில் மேலே போகட்டும்.

அதற்குள் இரண்டு வார்த்தை. அவருடைய பணியைத் தொடர்வோம் என்று இங்கே உறுதி எடுக்க வேண்டும். எது அவர் பணி? மேளம் அடித்ததா? அதை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஊரே "அடி, அடி" என்று கத்தும்போது, கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, குச்சியைக் கீழே வைத்தாரே, அதுதான் அவர் பணி. அதை நான் தொடர்கிறேன். இந்தக் கேலரியின் அடியிலிருந்து முடிவரை ஆள் வைத்துப் பார்த்துச் சரிசெய்யும்வரை, இங்கே ஒரு மேளமும் ஒலிக்கவிடமாட்டேன். என்னோடு யார் யார்? ஓட்டுநர்கள் கை உயர்த்துகிறார்கள். நன்றி. தலைவரும் உயர்த்துகிறார். நன்றி, ஐயா, நன்றி!

வழக்கமாக இந்த இடத்தில் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம். இங்கே வேண்டாம். தலைவர் அவர்களே, மேலே ஒலிபெருக்கி உங்கள் ஆட்களிடம்தான் இருக்கிறது. போய்ச் சொல்லுங்கள். "உட்காருங்க" என்றால் ஒருவனும் கேட்கமாட்டான். "இடிஞ்சிடும்" என்றால் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடுவார்கள். "முரசு அண்ணனுக்காக அசையாம நில்லுங்க" என்று சொல்லுங்கள். நிற்பார்கள். நின்று முடித்ததும் ஒவ்வொரு வரிசையாக, மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். ஆட்டத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

மேளம் நின்றுவிட்டது. கேளுங்கள். அண்ணி போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அண்ணே, கடைசி நிறுத்தத்தில் நீ சொல்வாயே, அதே மாதிரி, நீ இல்லாத இடத்தில் நான் திரும்பி உட்கார்ந்து சொல்கிறேன். இன்றைய ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது: அழுதுகொண்டிருந்த அண்ணி யாரையும் கேட்காமல் எழுந்து போனது. பிடிக்காதது ஒன்றே ஒன்று: மேளம் நின்று இவ்வளவு நேரமாகியும் இந்தத் தண்ணீர் நிற்கவில்லை.

எல்லாரும் எழுந்திருங்கள். பின்கதவு திறந்திருக்கிறது, வெளியே போவோம். தலைவரோடு மேலே போகிற ஓட்டுநர்களே, இறங்கி வருபவர்களிடம் ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். யாரும் ஒரே தாளத்தில் கால் சேர்த்து நடக்க வேண்டாம்.