தாய் கை

உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத் துவையல் இல்லாவிட்டால் என் வீட்டுக்காரருக்கு இறங்காது, டாக்டர் ஐயா. அம்மியில் அரைத்ததாகவும் இருக்க வேண்டும். அந்த விஷயத்தில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

நாளைக்கு தென்காசியில் அவருக்கு இரங்கல் கூட்டமாம், நீங்கள் பேசப்போகிறீர்களாம். அவர் புத்தகத்தை மறுபடி அச்சடிக்கப்போகிறார்களாம். அதனால்தான் வந்தேன்.

எங்கள் மகள் குழல்வாய்மொழி ஐம்பத்தேழாம் வருஷச் சாரலில் குற்றாலத்தில் போனது உங்களுக்குத் தெரியும். அருவியில் பெண்கள் பக்கம் நெரிசல் என்று பிள்ளையை அவரிடம் விட்டுப் போனேன். அவர் கூட்டாளிகளுக்குப் புதுப்பாட்டு சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டுச் சொன்னால் இரண்டு கையையும் வீசுவார். பிள்ளையின் கையை அப்படித்தான் விட்டார். கீழே சிற்றாற்றில் எடுத்தார்கள்.

அதைக்கூடப் பொறுத்தேன். மனுஷன் தவறுவான். ஆனால் வருஷம் திரும்புமுன் சொந்தச் செலவில் இரங்கற்பா அச்சடித்தார். கடையில் ஒருவரும் வாங்கவில்லை. கல்யாண வீட்டிலும் கோவில் வாசலிலும் அவரே நின்று இனாமாகக் கொடுத்தார். அந்தப் பாட்டில் பிள்ளை என் கையிலிருந்து நழுவியது.

ஏன் இப்படிப் பொய் எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"ஏட்டி, தகப்பன் கைன்னா எவன் அழுவான்? தாய் கைன்னாத்தான் பாட்டு நிக்கும்."

அதற்குப் பிறகு நான் தெருவில் வந்தால் பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். வயிறு எரிந்தது, ஐயா. இன்றும் எரிகிறது.

பிறகு அவருக்கு டைபாய்டு வந்தது. குடல் புண்ணாக இருக்கிறது, கஞ்சி தவிர ஒரு பருக்கை போனாலும் ஓட்டை விழுந்துவிடும் என்று என்னிடம்தான் சொன்னீர்கள். எனக்கு நன்றாகவே புரிந்தது. காய்ச்சல் தணிந்ததும் பசி அவரைப் பிடுங்கியது. உளுந்தஞ்சோறு ஒரு வாய் கேட்டுக் கெஞ்சினார். பாட்டை மாற்றுவீர்களா என்றேன்.

"அடுத்த பதிப்புலயும் அது அப்படித்தான் இருக்கும். அழகா இருக்குல்லா?"

உளுந்து வறுக்கப் போனேன். துவையலும் அரைத்தேன். உருட்டி உருட்டி ஊட்டினேன். "பெத்தவ மாதிரி பாக்குத" என்று அவருக்குக் கண் கலங்கியது. மறுநாள் வயிறு கல்லாகிவிட்டது. நீங்கள் நாடி பார்த்துவிட்டு விதி என்றீர்கள்.

விதி இல்லை. போலீசிடம் சொல்லுங்கள், கூட்டத்திலும் சொல்லுங்கள். அச்சகத்துக்காரரிடம் முதலில் சொல்லுங்கள். பிள்ளையை நான் கொல்லவில்லை. அவரைத்தான் கொன்றேன்.