கைப்பட்டை கற்றுக்கொண்டது

தேநீர் வேண்டாம், இன்ஸ்பெக்டர். மதியத்துக்குமேல் குடித்தால் எனக்குத் தூக்கம் வராது. மற்றபடி நான் நன்றாகத் தூங்குகிறவள்.

அட்ரியனைப் பற்றிக் கேட்டீர்கள். ரெங்கம் ஊர்ப் பையன், செனாய்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை. ஹெராயினை விட்டு அரை வருஷம் ஆகியிருந்தது. கூலாயில் நாங்கள் நடத்திய ஆய்வுக்கு அவனை அழைத்து வந்தது அவன் அக்கா டோரிஸ். "இவன உங்க கையில குடுத்துட்டேன் டாக்டர். அம்மா அப்பா இல்லாத பிள்ள லா," என்றாள். நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன்.

ஆய்வு சிக்கலானதல்ல. மணிக்கட்டில் ஒரு பட்டை. போதை வேட்கை கிளம்பினால் நாடி ஏறும், தோல் வியர்க்கும். பட்டை அதை முன்கூட்டியே கண்டுபிடித்து எங்களுக்குத் தெரிவித்தால், ஆள் தடுமாறுவதற்குள் கூப்பிட்டுப் பேசிவிடலாம். பட்டையில் ஒரு பொத்தானும் உண்டு. அழுத்தினால் என் கைப்பேசி அடிக்கும்.

ஆனால் எங்களிடம் வந்தவர்கள் எல்லாரும் ஒழுங்காக இருந்தார்கள். வேட்கையையே பார்க்காத இயந்திரம் அதை எப்படிக் கற்றுக்கொள்ளும்? பட்டை எதையுமே கண்டுபிடிக்கவில்லை. ஆய்வை நிறுத்திவிடலாம் என்று மேலிடத்தில் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

அட்ரியன் என்னிடம் எதையும் மறைத்ததில்லை. "பாசார் பின்சந்துல செல்வா நிப்பான் டாக்டர். அவன்கிட்டதான் வாங்குவேன். இப்ப அந்தப் பக்கமே போறதில்ல. போனா என்னை நானே நம்ப மாட்டேன்," என்று ஒருநாள் சொன்னான். நேர்மையான பையன். அவனைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த நேர்மைதான் காரணம்.

பட்டையை மாற்ற வேண்டும், பாசார் முனையிலுள்ள கோப்பிக் கடைக்கு வா என்று கூப்பிட்டேன். இது என் சொந்த முடிவு. குழுவில் வேறு யாருக்கும் தெரியாது.

"அலமாக், ஐயோ, அங்கயா டாக்டர்? வேற எங்கயாச்சும் போலாமே."

"நான் இருக்கேன்ல, அட்ரியன்."

வந்தான். நான் எதிர்ச்சாரியில் காரில் உட்கார்ந்து, மடிக்கணினியில் அவன் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கோப்பியைத் தொடவேயில்லை. சந்துப் பக்கம் பார்ப்பான், பிறகு சாலையைப் பார்ப்பான். என்னைத்தான் தேடினான். திரையில் நாடிக் கோடு மெல்ல ஏறியது. அவ்வளவு தெளிவான கோட்டை நான் அதுவரை பார்த்ததில்லை.

பொத்தானை அழுத்தினான். என் கைப்பேசியின் ஒலியை முன்னமே நிறுத்தி வைத்திருந்தேன். நான் பேசினால் அவன் அடங்கிவிடுவான், கோடும் இறங்கிவிடும். மறுபடி அழுத்தினான். பிறகு செல்வா வந்து அவன் தோளில் கை போட்டான். இரண்டு பேரும் சந்துக்குள் போனார்கள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அரை வருஷம் விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. அது எனக்குத் தெரியும், பாடமே நடத்தியிருக்கிறேன். ஆனால் நாடி விழும் விதத்தை எந்தப் பட்டையும் அதுவரை பதிவு செய்ததில்லை. அதையும் கற்றுக்கொள்ளட்டும் என்று இருந்தேன். விழுந்தது. பின்னர் நின்றது. சந்தையில் கோழிக் கடைக்காரர் யாரோதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். நான் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன்.

இப்போது பட்டை நன்றாக வேலை செய்கிறது. போன மாதம் தங்காக்கில் ஒருவரை நேரத்தோடு கண்டுபிடித்துக் காப்பாற்றியது. அவருக்குச் சின்னக் குழந்தைகள். அட்ரியன் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

ரெங்கத்தில் அடக்கத்துக்குப் போயிருந்தேன். டோரிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை.

"கடைசில உங்களுக்குக் கூப்பிட்டானா டாக்டர்? கூப்பிட்டிருந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்க லா."

"இல்லம்மா, கூப்பிடல," என்றேன்.

அவள் தலையசைத்து, நான் வந்ததற்கு நன்றி சொன்னாள்.

இதை எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். டோரிஸிடம் நான் பொய் சொல்லியிருக்கக் கூடாது. இந்த விஷயத்தில் நான் செய்த தவறு அது ஒன்றுதான்.